கட்டணம் வாங்காத வாத்தியார்

எர்லிண்டாவைப் போன வாரம் குளியலறைக் கதவுக்கு வெளியே, காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும்படி விட்டுவிட்டு வந்தோம். உள்ளே அவள் கணவன் ரோடெல் கண்ணாடியைப் பார்த்துத் திரும்பத் திரும்ப ஒரே வசனத்தைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

“நான் பல் டாக்டர். ஊர் ஒஹையோ.”

ரோடெல் பல் டாக்டர் இல்லை. லாஸ் வேகஸில் ஒரு ஓட்டல் சமையலறையில் பதினெட்டு வருடம் வாணலி பிடித்தவன். பிறந்தது பிலிப்பைன்ஸில், ஒஹையோ பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை. முழங்காலில் ஆபரேஷன் ஆனதிலிருந்து வேலைக்குப் போகவில்லை, வீட்டு சோபாவே கதி என்று கிடக்கிறான். ஆனால் ஒரு மாதமாக, சனிக்கிழமை வந்தால் மட்டும் பிசியோதெரபி என்று சொல்லிவிட்டு இஸ்திரி போட்ட சட்டையில் கிளம்பிவிடுகிறான்.

இது வேறொரு பெண் விவகாரம்தான் என்று தீர்ப்பே எழுதிவிட்ட வாசகிகள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். எர்லிண்டாவும் ராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு அதே தீர்ப்புக்குத்தான் வந்திருந்தாள். பல் டாக்டர் என்று பொய் சொல்லி மயக்குகிற அளவுக்கு எவள் அவள் என்பது ஒன்றுதான் பாக்கி.

சனிக்கிழமை காலை. அடுப்பில் பூண்டுச் சோறு தாளித்து, பக்கத்தில் முட்டை பொரித்து, மூன்று தட்டுகளில் போட்டாள். வைத்து முடித்ததும் இரண்டு கைகளையும் ஒரு தட்டுத் தட்டி, உள்ளங்கையை விரித்துத் திருப்பிக் காட்டினாள். சூதாட்ட விடுதியில் சீட்டுப் போடுகிறவர்கள் மேஜையை விட்டு நகரும்போது கையில் எதையும் ஒளிக்கவில்லை என்று கூரையில் இருக்கும் கேமராவுக்கு இப்படித்தான் காட்ட வேண்டும். இருபது வருடத்துக்கு மேல் செய்த கை, வீட்டிலும் சும்மா இருப்பதில்லை.

“அம்மா, இங்க கேமரா இல்லம்மா” என்று மகள் ஐரா சிரித்தாள்.

“இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்” என்றாள் எர்லிண்டா, கணவனைப் பார்த்தபடி.

ரோடெல் நிமிரவில்லை. இன்றைக்குச் சட்டையோடு ஒரு டையும் சேர்ந்திருந்தது.

“முழங்காலுக்கு எதுக்கு டை?”

“ஒரு மரியாதைக்குத்தான்.”

“முழங்காலுக்கா?”

“டாக்டருக்கு, லின். காலங்காத்தால ஆரம்பிக்காதே.”

“எந்த டாக்டர்? பல் டாக்டரா?”

ரோடெலின் கரண்டி பாதி வழியில் நின்றது. ஐரா சட்டென்று குனிந்து கைபேசியைத் தேய்க்க ஆரம்பித்தாள். இருபத்துமூன்று வயது, நர்சிங் கடைசி வருடம் படிக்கிறவள். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. பொய் சொல்ல வேண்டி வந்தால் இப்படிக் குனிந்துகொள்வாள். அதைப் பார்த்ததும் எர்லிண்டாவுக்குப் புரிந்துவிட்டது. அப்பனும் மகளும் கூட்டு. தனக்கு மட்டும்தான் தெரியாது.

வேலைக்கு நேரமாகிவிட்டது. கேட்க வேண்டியதையெல்லாம் விழுங்கிக்கொண்டு கிளம்பினாள்.

* * *

‘சில்வர் மேசா’ கேசினோவில் எர்லிண்டா போடுவது பிளாக்ஜாக் சீட்டு. இருபத்தொன்றைத் தாண்டாமல், வீட்டுக்காரனை விடப் பக்கத்தில் போய் நிற்கிறவனுக்கு ஜெயம். வீட்டுக்காரன் என்பது கேசினோ. அதன் கை எர்லிண்டாவின் கை.

மதியம் கூட்டம் மந்தமாக இருந்தது. மேஜையில் டெக்ஸாஸிலிருந்து வந்த ஒரு பெரியவர் மட்டும் தொப்பியோடு உட்கார்ந்து, தோற்பதைக்கூட ரசித்துக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் கட்டம்போட்ட சட்டைக்காரன் ஒருவன் வந்து அமர்ந்தான். நாற்பது வயது இருக்கலாம். ஐஸ் போடாத ஆரஞ்சு ஜூஸ் கேட்டான்.

“எந்த ஊரு தம்பி?” என்று பெரியவர் பேச்சுக் கொடுத்தார்.

“ஒஹையோ. பல் டாக்டர்.”

எர்லிண்டாவின் கையிலிருந்த சீட்டு ஒரு நொடி அந்தரத்தில் நின்றது. பிறகு தானாகவே போய் விழ வேண்டிய இடத்தில் விழுந்தது.

பத்து நிமிடம் போயிருக்காது. சிவப்புக் கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்தாள். ஐஸ் போடாத ஆரஞ்சு ஜூஸ். பெரியவருக்கு உற்சாகம் தாங்கவில்லை.

“அம்மாவுக்கு எந்த ஊரு?”

“ஒஹையோ” என்றாள் அவள்.

“அட! இவரும் ஒஹையோதான். நீங்க என்னம்மா பண்றீங்க?”

அவள் கட்டம்போட்ட சட்டைக்காரனைப் பார்த்தாள். அவன் ஜூஸைப் பார்த்தான். மனப்பாடம் செய்த வேறு பதில் எதுவும் அவளிடம் இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

“பல் டாக்டர்.”

“ஒஹையோல ஒருத்தருக்கும் பல் வலி இருக்காது போலருக்கே!” என்று பெரியவர் மேஜையைத் தட்டிச் சிரித்தார்.

எர்லிண்டாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ராத்திரியெல்லாம் கற்பனை செய்திருந்த காதலியின் முகம் மனசிலிருந்து கலைந்து போயிற்று; அதைவிடப் பெரிதாக ஏதோ ஒன்று அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது. இவர்கள் எல்லாருக்கும் ஒரே ஆள் பாடம் நடத்தியிருக்கிறான். தன் கணவனுக்கும் சேர்த்து.

ஆறு கட்டுச் சீட்டையும் கலைத்து, பெட்டிக்குள் போடும் நேரம் வந்தது. கலைத்த அடுக்கின் கடைசிப் பக்கத்தில் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் அட்டையைச் செருக வேண்டும். ஆட்டத்தில் அந்த அட்டை வெளியே தலைகாட்டினால் நிறுத்திவிட்டு மறுபடியும் கலைக்கலாம். அட்டைக்குப் பின்னால் இருக்கும் சீட்டுகள் யார் கண்ணிலும் படாது. எங்கே செருகுவது என்பது கேசினோவின் சட்டம். எர்லிண்டா எப்போதும் போல, இருக்க வேண்டிய இடத்தில் செருகினாள்.

கட்டம்போட்ட சட்டைக்காரன் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அட்டை உள்ளே போனதும் அவன் நெற்றி சுருங்கிற்று. சிவப்புக் கண்ணாடிக்காரியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

அரை மணி நேரத்தில் கையில் இருந்ததில் பெரும்பகுதியைத் தோற்றுவிட்டு எழுந்தான். போகிற போக்கில், ஏதோ பக்கத்து வீட்டுக்காரனைப் போல் கேட்டான்.

“வீட்டுக்காரருக்கு முழங்கால் தேவலையா?”

கேட்டுவிட்டுப் போயே போய்விட்டான். எர்லிண்டாவின் முதுகுப் பக்கம் மேற்பார்வையாளர் கொலீன் நின்றிருந்தாள். அவள் காதிலும் அது விழுந்தது.

“தெரிஞ்சவரா எர்லிண்டா?”

“இல்லையே.”

“உங்க வீட்டுக்காரர் முழங்கால் அவருக்கு எப்படித் தெரியும்?”

“தெரியல கொலீன். சத்தியமாத் தெரியல.”

கொலீன் கெட்டவள் இல்லை. ஆனால் விளையாட வருகிறவனுக்கும் சீட்டுப் போடுகிறவளுக்கும் பழக்கம் இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்பது இந்தத் தொழிலில் முதல் பாடம். மறைத்தால் வேலை போகும், உரிமமும் போகும். அதற்குப் பிறகு இந்த ஊரில் எந்த மேஜைக்கும் கிட்டே வர முடியாது. ரோடெல் சோபாவில் இருக்கும் வீட்டில் இப்போது ஓடுகிற ஒரே சக்கரம் எர்லிண்டாவின் சம்பளம்தான்.

கொலீன் தலையாட்டினாள். கூரையிலிருந்த கேமராவை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்தாள்.

* * *

ஓய்வறையில் டுவெய்ன் சூப் குடித்துக்கொண்டிருந்தான். கேசினோ கேசினோவாக முப்பது வருடம் சீட்டுப் போட்டவன். எர்லிண்டா எதிரில் உட்கார்ந்து, யாருக்கோ கேட்பதுபோல் கேட்டாள்.

“ஒஹையோ பல் டாக்டருங்க உன் மேஜைக்கும் வந்தாங்களா?”

டுவெய்னுக்குப் புரை ஏறிவிட்டது.

“உன்கிட்டயுமா? போன வாரம் எனக்கு மூணு பேரு. சீட்டு எண்ணக் கத்துக்கொடுக்கிற வகுப்பு ஒண்ணு நடக்குது. பணம் கட்டிப் படிக்கணும், நாலு சனிக்கிழமை. உங்களைப் பத்திக் கேட்டா இப்படிச் சொல்லுங்க, இந்த ஜூஸ் குடிங்கன்னு வாத்தியார் ஒரே பாட்டை எல்லாருக்கும் ஓதி அனுப்பியிருக்கார். சந்தேகம் வராம இருக்கவாம்.” அவன் வாயைத் துடைத்துக்கொண்டான். “நூறடி தள்ளி நின்னாலே தெரியுது.”

“அந்த வகுப்புல ஏதாவது இருக்கா டுவெய்ன்? இல்ல, சும்மா ஊரை ஏமாத்துற வேலையா?”

“ஏமாத்துன்னு சொல்ல முடியாது. சின்னச் சீட்டு போனா ஒண்ணு கூட்டு, பெரிய சீட்டு போனா ஒண்ணு கழி. கூட்டல் ஏறிச்சுன்னா மிச்சம் இருக்கிறது பெரிய சீட்டு. அப்போ அதிகமா வை. அவ்வளவுதான் வித்தை. லைப்ரரியில புத்தகம் சும்மா கிடைக்குது, ஒரு மத்தியானத்துல புரிஞ்சுடும். ஆனா இந்தச் சத்தத்துல, ஒருத்தன் பேச்சுக் கொடுக்க, இன்னொருத்தி ட்ரிங்க்ஸ் நீட்ட, கணக்கு தப்பாம இருக்கணும் பாரு? அதுக்கு மாசக்கணக்குல பழகணும். அதை எந்த வாத்தியாரும் விக்க முடியாது.”

“அப்போ பணம் கட்டுறது வீண்?”

“என் மச்சான் கட்டினான். பக்கத்துல நின்னு தப்பைத் திருத்த ஆள் இருந்தது நல்லாத்தான் இருந்துச்சுன்னான். கடைசி நாள்ல உருப்படியா ஒண்ணு கத்துக்கிட்டான்: இது தன்னால முடியாதுன்னு. கொடுத்த காசுக்கு அது தகும்னுதான் நான் சொல்வேன். அவனோட வீடு மிஞ்சிச்சே.”

எர்லிண்டா எழுந்து வராந்தாவுக்குப் போய் மகளுக்கு போன் செய்தாள்.

“ஐரா, பூசி மெழுகாம சொல்லு. அப்பா சீட்டு எண்ணுற வகுப்புக்குப் போறாரா?”

மறுமுனையில் பெருமூச்சு.

“அம்மா... அப்பா சொல்லக் கூடாதுன்னாரு. உனக்கு ஒரு ஆச்சரியமா இருக்கட்டும்னு.”

“ஆச்சரியமாத்தான் இருக்கு. பணம் ஏது?”

“பணமே கட்டலைம்மா! அதான் நான் ஒத்துக்கிட்டேன். ஆயிரத்து எண்ணூறு டாலர் கேட்டாங்க. அப்பா முடியாதுன்னு திரும்பி வந்துட்டாரு. ரெண்டு நாள் கழிச்சு அந்த வாத்தியாரே போன் பண்ணி, உங்களுக்கு மட்டும் இலவசம், நீங்க வந்தாப் போதும்னு சொன்னாரு.”

“அப்பாவுக்கு மட்டும் ஏன்?”

“கெட்டிக்காரர்னு சொன்னாராம்.”

“அந்த ரெண்டு நாளைக்கு முன்னாடி அப்பா அங்க என்னென்ன பேசினாரு? நான் எங்க வேலை பார்க்கிறேன்னு சொன்னாரா?”

ஐரா யோசித்தாள். நல்ல பிள்ளை, அவளுக்கு யோசிக்க நேரம் வேண்டியிருந்தது.

“சொல்லியிருப்பாரும்மா. உன்னைப் பத்திப் பெருமையா யார்கிட்டதான் அவரு சொல்லல?”

எர்லிண்டா போனை வைத்தாள். இவ்வளவு பேரிடம் பணத்தைக் கறந்துவிட்டு ஒருவனிடம் மட்டும் வாங்காத வாத்தியார், அந்த ஒருவனிடமிருந்து வேறு எதையோ வாங்கப் போகிறான். அவனுக்கு வேண்டியது ரோடெலின் மூளை இல்லை. எர்லிண்டாவின் கை. அந்த மஞ்சள் அட்டையை ஒரு விரல் பருமன் பின்னால் தள்ளிச் செருகினால் போதும். எண்ணுகிறவர்கள் கண்ணில் இன்னும் ஏராளமான சீட்டு படும், அவர்கள் கணக்கு பலிக்கும். எண்ணுவது குற்றமில்லை. சீட்டுப் போடுகிறவளோடு பேசி வைத்துக்கொண்டு எண்ணினால், அதற்குப் பெயர் திருட்டு.

பாவம் ரோடெல். தூண்டிலில் தன்னை மாட்டியிருக்கிறார்கள் என்பதுகூடத் தெரியாமல், டை கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்திருக்கிறான். கோபத்தோடு கோபமாக அவன்மேல் இரக்கமும் வந்தது. அவன் முட்டாளாக இருந்துவிட்டுப் போகட்டும், அதற்கு மேல் ஒன்றும் இல்லாமல் இருந்தால் போதும் என்று நினைத்தாள்.

கூட்டம் குறைவான நாளில் சம்பளத்தை விட்டுக்கொடுத்து முன்னதாகவே வீட்டுக்குப் போகலாம். எர்லிண்டா போய்க் கேட்டாள். கொலீன் ஏன் என்றுகூடக் கேட்காமல் உடனே சரி என்றாள். அந்த வேகம் எர்லிண்டாவுக்குப் பிடிக்கவில்லை.

* * *

வகுப்பு நடந்தது நெடுஞ்சாலையோரம் ஒரு பழைய மோட்டலின் கூட்ட அறையில். ஐரா வழி சொல்லியிருந்தாள். பச்சைத் துணி விரித்த ஆறு மேஜைகள். ஏறக்குறைய முப்பது பேர். முன்வரிசையில் ரோடெல், முதுகு நிமிர்த்தி, வகுப்பில் கெட்டிக்காரப் பையன் உட்காருவதுபோல். ஆபரேஷனுக்குப் பிறகு அவன் இப்படி நேராக உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை. பின்வரிசையில் கட்டம்போட்ட சட்டையும் சிவப்புக் கண்ணாடியும்.

வாத்தியாரின் பெயர் கிரான்ட் விட்லாக். வெள்ளை முடி, இதமான குரல், மருந்துக்கும் அலட்டல் இல்லை. அதுதான் இன்னும் சந்தேகமாக இருந்தது.

“கேள்வி இருந்தா கேளுங்க” என்றார் அவர்.

“எனக்கு இருக்கு” என்றாள் எர்லிண்டா வாசலிலிருந்து. ரோடெல் திரும்பினான். அவன் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கோ இறங்கிப் போயிற்று.

“இதுல ஜெயிக்க முடியும்னா நீங்க போய் ஜெயிக்க வேண்டியதுதானே? எதுக்குக் காசு வாங்கிட்டு ஊருக்குச் சொல்லிக்கொடுக்குறீங்க?”

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். கிரான்டும் சிரித்தார்.

“நியாயமான கேள்விம்மா. நான் ஜெயிச்சேன். ஜெயிச்சதாலதான் இந்த ஊர்ல பாதி இடத்துல என்னை வாசலோட அனுப்பிடுறாங்க. ஓட முடியாம போனவன் அடுத்தவனுக்கு ஓடச் சொல்லிக்கொடுப்பான், இல்லையா? இங்க வர்ற பத்துப் பேர்ல ஒருத்தருக்குத்தான் இது கைகூடும். அதையும் முதல் நாளே சொல்லிடறேன்.”

பதில் நன்றாகத்தான் இருந்தது. உண்மையாகக்கூட இருக்கலாம். எர்லிண்டாவுக்கே ஒரு கணம் மனசு இளகிற்று. அடுத்த கேள்வியை அவள் அதற்காகவே சத்தமாகக் கேட்டாள்.

“எல்லார்கிட்டயும் வாங்குற பணத்தை என் புருஷன்கிட்ட மட்டும் ஏன் வாங்கல?”

இப்போது யாரும் சிரிக்கவில்லை. முப்பது பேரும் ரோடெலைப் பார்த்தார்கள். தாங்கள் கொடுத்த ஆயிரத்து எண்ணூறு எல்லார் முகத்திலும் தெரிந்தது.

“ஒரு காபி குடிச்சுட்டு வாங்க எல்லாரும்” என்றார் கிரான்ட்.

நாற்காலிகள் இழுபட்டன. அவர் எர்லிண்டாவின் அருகே வந்தார். ரோடெல் நொண்டிக்கொண்டே பின்னால் ஓடி வந்தான். கிரான்ட் குரலைத் தாழ்த்தினார். அவர் மிரட்டவில்லை, கெஞ்சவில்லை. ஒப்பந்தப்படி வேலை முடிக்காத ஆளிடம் பேசுகிற வருத்தம் மட்டும் இருந்தது.

“எல்லார் முன்னாடியும் வேண்டாம்மா. நான் கேக்கிறது ஒண்ணுதான். இன்னைக்கு ஏன் அட்டையைப் பழைய இடத்துலயே வெச்சீங்க?”

எர்லிண்டாவுக்கு முதலில் விளங்கவில்லை.

“வேற எங்க வைக்கணும்?”

கிரான்ட் அவளைப் பார்த்தார். பிறகு ரோடெலைப் பார்த்தார். அவர் முகத்திலும் ஒரு சந்தேகம் மெல்ல வந்து அமர்ந்தது.

“நீங்க சரின்னு சொல்லிட்டதா ரோடெல் சொன்னாரே. இந்தச் சனிக்கிழமையிலேர்ந்துன்னு.”

ரோடெல் கார்ப்பெட்டில் எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

“அப்படியா” என்றார் கிரான்ட். இரண்டு கைகளையும் உயர்த்தியபடி ஒரு எட்டு பின்வாங்கினார். “ஏதோ தப்பாப் புரிஞ்சிருக்கு. நான் எதுவும் கேக்கல, நீங்களும் எதுவும் கேக்கல. வீட்டுக்குப் போங்க.”

* * *

காருக்குள் அடுப்பு மாதிரி கொதித்தது. எர்லிண்டா ஏசியைப் போட்டாள். வண்டியை எடுக்கவில்லை.

“உன்னை ஏமாத்திட்டாங்கன்னு நினைச்சேன்” என்றாள் எர்லிண்டா. “வர்ற வழியெல்லாம் உனக்காகப் பாவப்பட்டுக்கிட்டே வந்தேன்டா.”

“லின்...”

“உனக்குத் தெரிஞ்சே இருந்திருக்கு.”

“முதல்ல தெரியாது. ரெண்டாவது வாரம்தான் கேட்டாரு. நான் வீட்டுல கேக்கிறேன்னு சொன்னேன்.”

“கேட்டியா?”

“எப்படிக் கேக்கறது? நீ கத்துவே.”

“அதனால நானே சரின்னு சொன்னதாச் சொல்லிட்டே.”

“இல்லேன்னா போகச் சொல்லிடுவாரு லின்!” அவன் குரல் உடைந்தது. “அங்க எனக்கு நல்லா வருது. ஒரு கட்டு சீட்டை அரை நிமிஷத்துல எண்ணுறேன். தப்பே விடல. கிளாஸ்ல எல்லாரும் என்கிட்ட வந்து சந்தேகம் கேக்குறாங்க. வீட்டுல என்னை யாரு எதைக் கேக்குறீங்க? சாப்டியான்னு கேக்குறீங்க, மாத்திரை போட்டியான்னு கேக்குறீங்க. நீ எப்பவும் போல அட்டையை வெச்சுட்டுப் போவே, ஏதோ ஞாபகப் பிசகுன்னு அவரு நினைச்சுப்பாரு, அப்படியே ஓட்டிடலாம்னு பார்த்தேன். உனக்கு ஒரு ஆபத்தும் வராதுன்னு நினைச்சேன்.”

அவன் சொன்னதில் பாதி அவளைச் சுட்டது. வீட்டில் அவனிடம் யாரும் எதையும் கேட்பதில்லை என்பது உண்மை. அந்த ஒரு உண்மைக்காக அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பாள். ஆனால் அவள் உரிமத்தைக் கொண்டுபோய் வேறொருவன் மேஜையில் வைத்தவன் கை அது. பிடிக்க மனசு வரவில்லை.

“ஆபத்து வந்தாச்சு ரோடெல். உன் கூட்டாளி மேஜையிலேயே உன் முழங்காலைப் பத்தி விசாரிச்சுட்டுப் போனான். கொலீன் கேட்டுட்டா.”

ரோடெல் வாயைத் திறந்தபோது காரின் ஸ்பீக்கரில் போன் மணி அடித்தது. திரையில் கொலீனின் பெயர். எர்லிண்டா எடுத்தாள்.

“எர்லிண்டா, மன்னிச்சுக்குங்க, வீட்டுக்குப் போனதும் தொந்தரவு பண்றேன். மேல கேமரா ஆளுங்க அந்தக் கட்டம்போட்ட சட்டைக்காரரைப் பத்திக் கேக்குறாங்க. அவருக்கு உங்க வீட்டுக்காரரை எப்படித் தெரியும்னு ஏதாவது தெரிஞ்சுதா?”

சொல்லிவிட வேண்டும் என்றுதான் எர்லிண்டா முடிவு செய்தாள். நடந்தது எல்லாவற்றையும், இப்போதே, அவன் பக்கத்தில் இருக்கும்போதே. இன்னும் அவள் எந்தத் தப்பும் செய்யவில்லை; இந்த நிமிடம் வரை அவள் சொன்னதில் பொய் என்று ஒரு சொல்கூட இல்லை. மூச்சை இழுத்துக்கொண்டாள்.

“கொலீன், விஷயம் என்னன்னா...”

“கொலீன் மேடம்! நான் ரோடெல் பேசறேன்” என்று அவன் முந்திக்கொண்டான். குரலில் சற்று முன்பு இருந்த உடைசலைக் காணோம். உற்சாகமாக, கொஞ்சம் வெட்கத்தோடு, சிரித்துக்கொண்டே பேசினான். “தப்பு என்னுது மேடம். நான் பிசியோதெரபிக்குப் போற இடத்துல கீத்னு ஒருத்தர் வருவாரு. தோள்பட்டையில அவருக்குப் பிரச்சினை, கையை மேல தூக்க முடியாது, பாவம். பேச்சுவாக்குல என் சம்சாரம் சில்வர் மேசால இருக்கான்னு உளறிட்டேன். அவரு நேரா அவ மேஜையிலேயே போய் உட்காருவாருன்னு நான் கண்டேனா? லின் இப்ப என்னைப் பிடிச்சு வாங்கு வாங்குன்னு வாங்குறா.”

மறுமுனையில் கொலீன் சிரித்தாள். நிம்மதியான சிரிப்பு.

“அவ்வளவுதானா? நான் என்னவோன்னு பயந்துட்டேன். அந்த பிசியோதெரபி இடத்தோட பேரை மட்டும் திங்கட்கிழமை வரும்போது எர்லிண்டாவைச் சொல்லச் சொல்லுங்க. பதிவு பண்ணி வைக்கணும். முழங்காலைப் பார்த்துக்குங்க.”

லைன் துண்டானது.

“முடிஞ்சுது” என்றான் ரோடெல். நெற்றியைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தான். “ஏதாவது ஒரு பேரு சொல்லிக்கலாம். இனிமே அந்த வகுப்புப் பக்கமே போக மாட்டேன். போதுமா?”

பொய் இப்போது எர்லிண்டாவின் போனில், அவள் பக்கத்தில் இருக்கும்போது, அவள் பெயரில் சொல்லப்பட்டுவிட்டது. திங்கட்கிழமை அதைத் தன் வாயால் முடித்துவைக்க வேண்டியவள் அவள்தான். ஆனால் அவளைப் பயமுறுத்தியது அதுகூட இல்லை. அவன் யோசிக்கவே இல்லை. கீத் என்று ஒரு பெயர், தோள்பட்டை, தூக்க முடியாத கை, ‘பாவம்’ என்கிற அந்த ஒரு சொல், எல்லாம் வாயிலேயே தயாராக இருந்ததுபோல் வந்து விழுந்தன. கொலீனுக்கு ஒரு இழை சந்தேகம் வரவில்லை. எர்லிண்டாவுக்கே கீத்தின் மேல் கொஞ்சம் பரிதாபம் வந்தது.

இருபத்தொன்பது வருடக் கல்யாணம். இவ்வளவு நன்றாகப் பொய் சொல்கிறவன் இதே குரலில், இதே சிரிப்போடு, இத்தனை நாளில் என்னவெல்லாம் சொல்லியிருக்கிறான் என்று அவள் முதல் முறையாக நினைத்துப் பார்த்தாள்.

“வேற என்ன இருக்கு?” என்று கேட்டாள்.

பதிலை எதிர்பார்த்துக் கேட்கவில்லை. ஒன்றுமில்லை லின், வண்டியை எடு என்று அவன் எரிந்து விழுவான், அதைக் கேட்டால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்றுதான் கேட்டாள்.

ரோடெல் எரிந்து விழவில்லை. சிரிப்பு மெல்ல அடங்கிற்று. டையின் முடிச்சைத் தளர்த்தினான். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“ஐராவுக்குத் தெரியக் கூடாது” என்றான். “சத்தியம் பண்ணு, சொல்றேன்.”